தேசிக்காயில் ஊறிய குத்துவிளக்கு ரோசா நிறமாகிவிட்டது, இனி ஏற்றலாமா?

கேள்வி: 2024 செப்டெம்பர் 24, செவ்வாய்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். நவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள். சாமியறைக் குத்துவிளக்கை மினுக்கலாம் என்று, தேசிக்காய்ச் சாறும் உப்பும் கலந்த தண்ணீரில் நேற்று இரவு போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எடுத்தால் தட்டு முழுக்க ரோசா நிறம். சில இடத்தில் செம்பு போலச் சிவப்பு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அது மாமி கலியாணத்துக்குக் கொண்டுவந்த விளக்கு. "விளக்கு நிறம் மாறினால் வீட்டுக்குக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இனி இதை ஏற்றலாமா? பழைய நிறம் திரும்புமா?

செப்டெம்பர் 24, இரவு

தங்கச்சி, ஏற்றலாம். மாமியிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலவை. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: நாகம் என்றால் துத்தநாகம்.) புளிப்புத் தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் நாகம் முதலில் கரைந்து போய்விடும், மேலே செம்பு மட்டும் மிஞ்சும். உப்பு அந்த வேலையை இன்னும் விரைவாக்கும். நீங்கள் கண்ட ரோசா நிறம் அந்தச் செம்பின் நிறம்தான். விளக்குக்குள் எப்போதும் இருந்த நிறம், இப்போது வெளியே தெரிகிறது. இதில் சகுனம் எதுவும் இல்லை.

படலம் மெல்லியது. இனிப் புளிப்பு எதுவும் காட்ட வேண்டாம். சீலையில் வடித்தெடுத்த சாம்பலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, பருத்தித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்யுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாளைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். மஞ்சள் நிறம் கீழே இருக்கிறது, வரும்.

செப்டெம்பர் 25, புதன்

நேற்று அவசரமாக எழுதினேன். இப்போது எங்கள் வீட்டில் செய்யும் முறையை முழுதாகச் சொல்கிறேன். எனக்கு இது அம்மம்மாவிடம் இருந்து வந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணங்கள் பிறகு உயர்தரத்தில் இரசாயனம் படித்தபோது ஒவ்வொன்றாகப் புரிந்தன.

வியாழன் பின்னேரம்தான் எங்கள் வீட்டில் விளக்குத் துலக்குவது. செவ்வாய், வெள்ளியில் தொடமாட்டோம். விளக்கை நூர்த்து (அணைத்து) நன்றாக ஆறிய பிறகு, மிச்ச எண்ணெயை ஒரு சிரட்டையில் வடித்துவிடுவோம். திரிக்கரியை ஈர்க்கால் கிண்டி எடுப்போம். பழைய கடதாசியால் எண்ணெய்ப் பசையை ஒற்றி எடுத்த பிறகுதான் தண்ணீர். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விளக்கில் உள்ள அழுக்கில் முக்கால்வாசி எண்ணெய்தான். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பட்டு மெல்ல இறுகிப் பிசினாகிவிடும். புளிக்கு எண்ணெய் கரையாது. எண்ணெய் போகாத விளக்கில் எவ்வளவு புளி போட்டாலும் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும், நாங்கள் இன்னும் கொஞ்சம் புளி என்று போட்டுக்கொண்டே இருப்போம்.

எண்ணெய்க்குச் சாம்பல் வேண்டும். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது, அது எண்ணெயைச் சவர்க்காரம் போலாக்கிவிடும். அடுப்பு இல்லாத வீட்டில் சுடுதண்ணீரில் அப்பச்சோடா (சமையல் சோடா) கரைத்து அரைமணி நேரம் வைக்கலாம். தேங்காய்த் தும்பை நனைத்து, சாம்பல் தொட்டு, உரஞ்சிக் கழுவினால் விளக்கு கறுப்பாகவே இருக்கும், ஆனால் பிசுக்குப் போயிருக்கும். பிறகுதான் பழப்புளி. நெல்லிக்காய் அளவு உருண்டை, கெட்டியாகக் கரைத்துப் பூசி, இரண்டு நிமிடம். கூடிப்போனால் மூன்று. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடியும் ஒருமுறை சாம்பல் தொட்டுக் கழுவ வேண்டும். இந்த இரண்டாவது சாம்பல் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "புளி நிக்கப்படாது, பிள்ளை" என்றார் அம்மம்மா. மூலையில் மிஞ்சும் அமிலத்தைக் காரம் முறித்துவிடும். தங்கச்சியின் விளக்குக்கு நடந்தது இங்கே நடக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

கடைசியாகத் துடைப்பது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறு எல்லாம் சுண்ணக்கல்லுக்கு மேல். தண்ணீர் தானாகக் காய விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "பூஞ்சணம் பிடித்திட்டுது" என்று மறுபடியும் புளியைத் தேடுவார்கள். பழைய வேட்டித் துண்டால் ஈரம் போக ஒற்றி, வெயிலில் வைத்தால் சரி. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசிக் கழுவலுக்கு அதுதான் திறம்.

செப்டெம்பர் 26, வியாழன்

இன்று எங்கள் விளக்கைத் துலக்கும்போதே நேற்று விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. குத்துவிளக்கைப் பகுதி பகுதியாகத் திருகிக் கழற்றித்தான் கழுவ வேண்டும். கழற்றாமல் கழுவினால் புரிக்குள் ஈரம் நிற்கும், பச்சைக் களிம்பு பிடிக்கும், இரண்டு வருடத்தில் இறுகிவிடும். பூட்டும்போது புரியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

செப்டெம்பர் 27

உரும்பிராயில் இருந்து ஒரு அண்ணை, சாம்பல் கீறும் என்கிறார். உண்மை. நான் "சாம்பல்" என்று பொதுவாக எழுதியது பிழை. உமிச்சாம்பலில் மணல் போன்ற சிலிக்கா அதிகம், அது கீறும். செங்கட்டி (செங்கல்) தூள் அதைவிட மோசம். நான் சொல்வது தென்னம் பொச்சு (தேங்காய் மட்டை) எரித்த சாம்பல், அதுவும் சீலையில் வடித்தது. விரலிடையில் வைத்து நசுக்கினால் மா போல இருக்க வேண்டும். நறநற என்றால் சாமியறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: அங்கே சாம்பலும் இல்லை, தும்பும் இல்லை, அம்மா கொடுத்துவிட்ட வெள்ளி வேலும் வெள்ளி விபூதித் தட்டமும் கறுத்துப்போய்விட்டன, என்ன செய்வது?

வெள்ளி கறுப்பது வேறு கதை, தம்பி. காற்றில் உள்ள கந்தகம் பிடித்து வெள்ளியின் மேல் கறுப்புப் படலம் வருகிறது. புளி போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி வேல் அந்தத் தாளில் படும்படி வைத்து, இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா தூவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். கூழ்முட்டை மணம் வரும், பயப்பட வேண்டாம், அது கந்தகம் வெளியேறுவது. ஐந்து நிமிடத்தில் வெள்ளி வெளுக்கும். இதில் உள்ள நன்மை, கறுப்பாய் மாறின வெள்ளி திரும்ப வெள்ளியாகவே மாறுகிறது. தேய்த்து எடுத்தால் அந்த வெள்ளி துணியோடு போய்விடும்.

கல் பதித்த வேலுக்கு இதைச் செய்யவே வேண்டாம். கல்லை ஒட்டியிருக்கும் அரக்கு சுடுதண்ணீரில் இளகும். அதற்கு விபூதிதான். நல்ல விபூதி சாணத்தைச் சுட்டு நீற்றியது, மிக நயமான தூள். விரல் நுனியில் தொட்டு மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டால் போதும். துடைத்த விபூதியை மண்ணில் கொட்டாமல் பூமரத்தடியில் போடுங்கள்.

இன்னொன்று: வெள்ளிச் சாமானை இறப்பர் வளையம் போட்டுச் சுற்றி வைக்காதீர்கள். இறப்பரில் கந்தகம் இருக்கிறது, சுற்றின இடம் கறுத்துவிடும்.

ஒக்டோபர் 1, செவ்வாய்

சங்கு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நாளை மறுநாள் நவராத்திரி, எல்லோரும் சாமியறையை ஒரேயடியாக அள்ளிக் கிணற்றடிக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்.

கலியாணம் முடித்து இரண்டாம் வருடம். மாமி வீட்டில் ஒரு பூசைச் சங்கு, பரம்பரையாக வந்தது. நான் விளக்கு, தட்டம், பஞ்சபாத்திரம், உத்தரணி எல்லாவற்றுக்கும் புளி கரைத்த கையோடு சங்கையும் அதே வாளிக்குள் வைத்துவிட்டுப் பூப்பிடுங்கப் போனேன். திரும்பி வர அரைமணி நேரம் ஆகியிருக்கும். சங்கைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் மேலே இருந்த பீங்கான் போன்ற பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு பூசின சுவர் போல இருந்தது. விரலால் தொட்டால் மா ஒட்டியது.

சங்கு சுண்ணாம்பு. எங்கள் நிலத்தடிச் சுண்ணக்கல்லும் அதே பொருள்தான். அமிலம் பட்டால் கரையும், கரைந்தது திரும்பாது. பித்தளைக்கு என்றால் தேய்த்து மீட்கலாம், சங்குக்கு வழியே இல்லை. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கை மட்டும் யோசிக்காமல் செய்துவிட்டது. மாமி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சங்கைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசி, பழைய இடத்திலேயே வைத்தார். இப்போதும் அதில்தான் தீர்த்தம் எடுக்கிறோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்தச் சொரசொரப்பு விரலில் படும்.

சங்குக்குத் தண்ணீர், மென்மையான துணி, உடனே துடைப்பு. அவ்வளவுதான். உருத்திராக்கத்துக்கும் சவர்க்காரம் வேண்டாம். வெறும் தண்ணீரில் மென்மையான தூரிகையால் துடைத்து, நிழலில் காயவைத்து, நல்லெண்ணெய் ஒரு தொடு.

ஒக்டோபர் 3, வியாழன்

கும்பம் வைத்தாயிற்று. பெரிய வேலை இருக்கிறது, சுருக்கமாக ஒன்று.

கடையில் புதிதாக வாங்கின விளக்குக்குப் புளி வேண்டாம். பலவற்றில் நிறம் மங்காமல் இருக்க மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும். அது சுடர்ப் பக்கத்தில் கருகும், மற்ற இடத்தில் திட்டுத் திட்டாக உரியும். வெறும் சவர்க்காரத் தண்ணீர் போதும். காந்தம் ஒட்டினால் அது உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும்தான். உரஞ்சினால் முலாம் போய்க் கறள் ஏறும்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மானம்பூ (விஜயதசமி) நேற்று முடிந்தது. இந்தப் பத்து நாளில் வந்த கேள்விகளை இப்போதுதான் வாசிக்கிறேன்.

தகர டப்பாவில் வரும் மெருகுத் திரவம் பாவிக்கலாமா என்று நான்கு பேர். பாவிக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை, வெளிப்புறத்துக்கு மட்டும். அதற்குள் நயமான தேய்ப்புத் தூள் இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துக்கொண்டுதான் போகும், துணியில் படும் கறுப்பு வெறும் அழுக்கில்லை. அதிலுள்ள கரைப்பான் தீப்பிடிக்கும். மினுக்கின விளக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்காமல் கொளுத்தக் கூடாது.

பஞ்சபாத்திரத்தில் தீர்த்தம் எத்தனை நாள் வைக்கலாம்? அன்றன்றைக்கு மாற்றுங்கள். தயிர், பஞ்சாமிர்தம், தேசிக்காய் கலந்தது எதையும் ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் விட்டு வைக்காதீர்கள். புளிப்புச் செம்பைக் கரைக்கும், பச்சை வரும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அபிஷேகம் செய்த விக்கிரகமும் அப்படித்தான். காது மடிப்பு, கைவிரல் இடை, பீடத்தின் அடி எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, திரித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பாலும் தேனும் மிஞ்சின இடத்தில்தான் களிம்பு முதலில் வரும்.

மணி பற்றி: அது வெண்கலம், வெள்ளீயம் கூடின கலவை, விழுந்தால் வெடிக்கும். வாளியில் மற்றப் பாத்திரங்களோடு போட வேண்டாம். உள்ளே நாக்குத் தொங்கும் கொக்கியைத் துடைத்து உலர்த்தினால் போதும்.

அப்புறம், இதைக் கேட்ட பிள்ளைக்குத் தனியாக எழுதுகிறேன். தகப்பன் காலமாகி முப்பத்தொரு நாள் துடக்கு (தீட்டு), சாமியறை பூட்டிக் கிடந்தது, அந்தியேட்டி முடிந்து திறந்தால் விளக்கில் எண்ணெய் பசை போல இறுகிப் பச்சையாகிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அப்பா போனபோதும் இதே நிலைதான். கத்தி எடுத்துச் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி அதன்மேல் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். பழைய எண்ணெயைப் புது எண்ணெய் இளக்கும். காலையில் மூங்கில் குச்சியால் தள்ளினால் தோலாக உரிந்து வரும். பிறகு சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும். நான் அன்று அந்தத் தோலை உரித்து எடுத்தபோது அடியில் அப்பா கடைசியாகப் போட்ட திரியின் நுனி இருந்தது. உங்களுக்கும் ஏதாவது அப்படிக் கிடைக்கலாம். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

துடக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு எண்ணெயை வடித்துவிடச் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது நினைவு வரும்.

ஒக்டோபர் 15

ஒருவர் இவ்வளவு விஞ்ஞானம் சொல்லிப் பக்தியைக் குறைக்கிறேன் என்கிறார். இல்லை, ஐயா. பள்ளியில் சைவநெறிப் பாடத்தில் ஆணவம் செம்பில் களிம்பு போல என்று படித்தோம். வெளியில் இருந்து வந்து ஒட்டினதில்லை, செம்போடு கூடவே இருப்பது. செம்புப் பஞ்சபாத்திரத்தை வியாழன் துலக்கி ஞாயிறு பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடம்தான் வரும். களிம்பு எப்படி வருகிறது என்று தெரிந்ததால் அந்த உவமை எனக்குச் சிறுக்கவில்லை. இன்னும் நெருங்கி வந்தது.

ஒக்டோபர் 30, புதன்

இன்றைய திகதி எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 1995இல் இதே நாள், போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டது. எனக்குப் பதினேழு வயது. விளக்கு பற்றிய இழையில் இதை எழுதலாமா என்று காலையில் இருந்து யோசித்தேன். விளக்கு பற்றியதுதான், எழுதுகிறேன்.

வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அம்மா அரிசியும் பிறப்புச் சான்றிதழ்களும் எடுத்தார். அம்மம்மா சாமியறைக்குள் போனார். பிள்ளையாரைச் சீலையில் சுற்றி மடியில் கட்டினார், அது உள்ளங்கை அளவு வெண்கலப் பிள்ளையார். வெள்ளி வேலை இடுப்பில் செருகினார். குத்துவிளக்கு மூன்றடி, தூக்க முடியாது. அதை அப்பா ஐந்து பகுதியாகக் கழற்றி, சாக்கில் போட்டு, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். கயிற்று நுனியைக் கிணற்றுக்குள்ளே ஒரு கல் இடுக்கில் செருகினார், வெளியில் தெரியாமல்.

கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் வரை இரவு முழுக்க நடந்தோம். நடந்தோம் என்பதைவிட நின்றோம் என்பதுதான் சரி. மழை. அம்மம்மா ஒரு கையால் மடியைப் பிடித்தபடியே வந்தார். மீசாலையில் உறவினர் வீட்டுக் குசினித் தாழ்வாரத்தில் ஆறு மாதம். அங்கே பிள்ளையாருக்கு ஒரு கவிழ்த்த பெட்டி பீடம், ஒரு சிட்டி விளக்கு. எண்ணெய் கிடைத்த நாளில் எண்ணெய், கிடைக்காத நாளில் பூ மட்டும். ஆனால் ஒவ்வொரு வியாழனும் அந்தச் சிட்டியை அம்மம்மா துடைத்தார். மண் சிட்டியைத் துடைத்து என்ன பிரயோசனம் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது.

1996இல் திரும்பி வந்தபோது கயிறு அறுந்திருந்தது. ஆவணியில் தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து ஒருவரை இறக்கினோம். சாக்கு உக்கிப்போயிருந்தது. ஐந்து பகுதியும் இருந்தன. மேலே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, அதற்குக் கீழே கறுப்பு, புரிகளில் கடும் பச்சை. நான் உடனே செங்கட்டியும் தும்பும் எடுத்தேன். அம்மம்மா "உரஞ்சாதை, வை" என்றார். புளி கரைத்துப் பூசினார். சுண்ணாம்பு நுரைத்தது. கழுவினார், துடைத்தார், எடுத்து வைத்தார். மறுநாள் இன்னொரு பகுதி. எல்லாவற்றையும் முடிக்க ஐந்து நாள். இரண்டு பகுதிகளின் புரி களிம்பேறித் திருக வரவில்லை, கன்னாதிட்டிப் பக்கத்தில் பித்தளை வேலை செய்யும் ஒருவர் சூடு காட்டிச் சரிப்படுத்திக் கொடுத்தார்.

இரண்டாம் தட்டின் அடியில் ஒரு கறுப்புத் திட்டு இன்றும் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் தொடுவதில்லை. அழுக்கு அகற்றுவதும் மினுக்குவதும் ஒன்றில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. எண்ணெயும் ஈரமும் களிம்பும் போக வேண்டும், அவை விளக்கைத் தின்னும். நிறம் மங்குவது அப்படி இல்லை. அந்த மங்கல் உலோகத்துக்குப் போர்வை மாதிரி. அதை வாராவாரம் உரித்தெடுத்தால் நாங்கள்தான் விளக்கைத் தின்கிறோம்.

நவம்பர் 1, வெள்ளி

அம்மாவுக்கு முந்தநாள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னார்.

விளக்கைக் கழற்றிக் கிணற்றில் இறக்கியது அப்பா இல்லை, பெரியமாமா. அப்பா அந்த நேரம் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தார். இருபத்தொன்பது வருடமாக நான் அதை அப்பா செய்ததாகவே நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது, அம்மம்மா ஐந்து நாள் எடுத்தது ஏன் என்று. "அவவுக்குக் கை ஏலாது, மீசாலையில இருந்து வந்த பிறகு தோள் வலி. ஒரு நாளைக்கு ஒண்டுதான் செய்ய முடிஞ்சது" என்றார் அம்மா. நான் அதைப் பொறுமை என்றும் அறிவு என்றும் எழுதிவிட்டேன். "உரஞ்சாதை" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஐந்து நாள் தோள் வலியால்தான். எழுதினதை அழிக்கவில்லை, அதனோடு சேர்த்து இதையும் வாசியுங்கள்.

நவம்பர் 2

பிள்ளையார் என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம்தான் இருக்கிறார். அவருக்கு முகம் மழுங்கிவிட்டது. கண் இல்லை, தும்பிக்கையின் கோடுகள் இல்லை, விரலால் தடவினால் கண் இருந்த இடத்தில் இரண்டு சின்னப் பள்ளம் மட்டும் தெரியும். அம்மம்மாவின் தாய் காலத்தில் செங்கட்டித் தூளால் தேய்த்துத் தேய்த்து வந்த தேய்மானம் அது.

இதை வைத்துத்தான் முன்பெல்லாம் எல்லோரையும் எச்சரிப்பேன், பாருங்கள், தேய்த்தால் சாமிக்கு முகமே போய்விடும் என்று. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. அம்மம்மாவின் தாய், என் பூட்டி, ஒவ்வொரு கிழமையும் அவரைக் கையில் எடுத்திருக்கிறார், அதனால்தான் முகம் போயிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் கண் இருந்திருக்கும். ஆனாலும் செங்கட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் மகளுக்கு அந்தப் பள்ளமாவது மிஞ்ச வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

நேற்றும் முந்தநாளும் அடித்த மழையில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். வீட்டுக்குள் வரவில்லை, சுவர் மட்டும் ஊறிவிட்டது. உங்கள் சாமிப் படங்களைச் சுவரில் இருந்து இன்றே இறக்குங்கள். ஈரச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்துக்குப் பின்னட்டை வழியாகத்தான் பூஞ்சணம் ஏறும், முன்னால் கண்ணாடியில் தெரியும்போது தாள் போய்விட்டிருக்கும். கறையானும் அதே வழிதான்.

பின்னட்டையைக் கழற்றி, தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கிழியும். காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயில் வேண்டாம், நிறம் வெளிறும். திரும்ப மாட்டும்போது சட்டத்தின் பின்னால் கீழ்மூலை இரண்டிலும் போத்தல் மூடியின் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும். கண்ணாடியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் துடைக்கத் துணியைத் தண்ணீரில் நனையுங்கள், தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காதீர்கள். தெளித்தால் சட்ட ஓரத்தால் உள்ளே இறங்கும்.

மீட்க முடியாத படங்களைக் கோயில் மரத்தடியில் கண்ணாடியோடு கொண்டுபோய் வைக்காதீர்கள். வெறுங்காலோடு சனம் நடக்கும் இடம். சட்டத்தையும் கண்ணாடியையும் வீட்டிலேயே பிரித்தெடுத்து, தாளை மட்டும் சுத்தமான இடத்தில் எரித்து, சாம்பலைத் தென்னையடியில் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு தேவாரம் சொல்லிவிட்டு. கேதாரகௌரிக் காப்பு நூலுக்கும் இதே வழி.

டிசம்பர் 12, வியாழன்

கோண்டாவில் தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார். விளக்கு மஞ்சளாகிவிட்டது. தட்டின் விளிம்பில் மட்டும் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இன்னும் செம்பு நிறம். அதையும் எடுத்துவிடவா என்று கேட்கிறார். மாமி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "இருக்கட்டும், எந்த வருசம் எண்டு தெரியும்" என்றாராம். அப்போ விடுங்கள், தங்கச்சி.

நாளை கார்த்திகை. வாசலில் வைக்கும் சிட்டிகளை இன்றிரவே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஊறப்போடாத புதுச் சிட்டி பாதி எண்ணெயைத் தானே குடித்துவிடும். நான் இருபத்தைந்து போட்டிருக்கிறேன். மீசாலைச் சிட்டியும் அதோடு சேர்த்து, துடைத்து வைத்திருக்கிறேன்.